அருள் வர இருபத்திரண்டு மணி நேரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் வேர்த்திருந்த ஈரத்தை ஜெகதீஷ் துண்டால் துடைத்தான். எல்லா இடமும் பளிச்சென்று ஆனது. அப்பாவின் வாய்க்கு நேரே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை மூட்டம் போகவில்லை. அழுத்தித் துடைத்தான். போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

அம்பத்தூர் ஃபிளாட்டின் கூடத்தில், ஊதுபத்திப் புகையும் வாடத் தொடங்கிய சம்பங்கி வாசமும் பெட்டியின் மோட்டார் இரைச்சலும் ஒன்றோடொன்று குழைந்து கிடக்க, சான் பிரான்சிஸ்கோவில் விமானம் ஏறிவிட்ட அண்ணன் அருளுக்காக அப்பா சம்பந்தத்தின் உடம்பு காத்திருந்தது. கொள்ளி வைக்க மூத்தவன் வர வேண்டும். பதினாறாயிரம் கிலோமீட்டர், துபாயில் மாறி, மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். துக்கம் கேட்க வந்தவர்கள் பெட்டியருகே நின்று, அப்பா எப்படிச் செத்தார் என்பதைவிட இதைத்தான் அக்கறையாகக் கேட்டார்கள். ஜெகதீஷும் ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, அண்ணன் எங்க வந்துகினு கீறாரு?" என்றார் கீழ்வீட்டுக் கன்னியப்பன்.

"இன்னும் பத்தொன்பது மணி நேரம் அண்ணாத்தே."

மூட்டம் சுருங்கியது. விரிந்தது.

தூக்கமில்லாத கண், அதான், என்று நினைத்தான். படுக்கையில் கிடந்தவருக்கு நாலு வருஷம் மலம் அள்ளி, புண் துடைத்துச் சோர்ந்த கண். டாக்டர் வந்து பார்த்து, கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் அமெரிக்காவுக்கு வீடியோ கால் போகும்போதெல்லாம் அப்பா சொன்னது காதில் வந்து உட்கார்ந்துகொண்டது: "நீ வந்து நின்னாத்தான்டா அருளு, இந்த மூச்சு போவும்."

யாரையாவது கூப்பிட வேண்டும். பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். வார்த்தை வாய் வரை வந்தது. கூடவே அந்த நாலு வருஷமும் வந்தது.

சம்பங்கி மாலையை நகர்த்தி மூட்டத்தின் மேல் போட்டான்.

"பதினொரு மணி நேரம் அத்தை," என்றான் கோமளா அத்தையிடம்.

பெட்டிக்குள் ஏதோ லேசாகக் கீறியது. மோட்டார்.

"ஆறு."

கீறல். மணிக்கு ஒருமுறை. தப்பாமல்.

"மூணு."

மோட்டார்தான். மோட்டார் என்றே வைத்துக்கொண்டான்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் வரத்தான் இன்னொரு மணி நேரம். பாடி மேம்பாலத்து நெரிசலுக்கு யார் செத்தாலும் ஒன்றுதான்.

கழுத்துத் தலையணையைக் கூடக் கழற்றாமல் அருள் ஓடி வந்தான். மாலையைத் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

"அப்பா... வந்துட்டேன்பா."

உள்ளிருந்து கண்ணாடி முழுக்க, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, ஒரு மூட்டம் நீளமாகப் படர்ந்தது. பிறகு அது சுருங்கவே இல்லை.

"கூலிங் ஜாஸ்தி வெச்சிட்டானுங்க," என்றார் கன்னியப்பன்.

மூட்டத்துக்குள், விரலால் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. ஜெகதீஷ் மட்டும் எண்ணினான்.

இருபத்திரண்டு.

கைக் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அவிழ்ந்து இடுப்போரம் கிடந்தது. பாதியில் நின்ற இருபத்து மூன்றாவது கோட்டின் நுனியில், ஜெகதீஷ் நின்ற பக்கமாக, கண்ணாடியைத் தொட்டபடி அப்பாவின் ஆள்காட்டி விரல்.