கடைவாய்ப்பல்லின் நரம்பு

அன்று மாலை அந்தப் பல் மருத்துவமனையின் உள்ளறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த, ஆலைக்கார வீட்டின் ஒரே மகன். அவன் அக்காள். அக்காளின் கணவரான பல் மருத்துவர். சுவரோரமாகக் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தகப்பனார். வெளியாள் எவரும் இல்லை. நர்ஸைக்கூடத் தகப்பனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வளர்ந்த பிள்ளை கண்ணீர் விடுவதை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். அதில் தவறும் இல்லை.

மறுநாள் காலை மகன் ஆலைத் தொழிலாளர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் நின்று, தகப்பனாரின் பொறுப்பை ஏற்றுப் பேச வேண்டும். போன தடவை அப்படி நின்றபோது பேச்சு வரவில்லை, வாந்திதான் வந்தது. அதுவும் முன்வரிசையில் இருந்த மேலாளரின் மடியில். அன்றிலிருந்து அவன் கண்ணயரும்போதெல்லாம் பல்லை நறநறவென்று கடித்தான். கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்து, உள்ளே சீழ் கட்டிவிட்டது.

"அத்தான், ரொம்ப வலிக்குமா?"

"நரம்பையே எடுத்துடப் போறேன். அப்புறம் வலிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அப்படியே பயத்தையும் சேத்து எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வாயை மூடுறா, பயந்தாங்கொள்ளி" என்றார் தகப்பனார்.

"மூடினா அத்தான் எப்படிப்பா வேலை பாப்பாரு?"

அக்காள் சிரித்துவிட்டாள். மருத்துவரும் சிரித்துக்கொண்டே மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டார்.

பல்லின் மேற்புறம் திறந்ததும் முகக்கவசத்தையும் தாண்டி நாற்றம் அடித்தது. மூடிய பாத்திரத்தில் பல நாள் மறந்து கிடந்த இறைச்சியின் நாற்றம். கிராம்பு எண்ணெயின் காரமும் இரத்தம் கலந்த எச்சிலின் புளிப்பும் அதோடு சேர்ந்துகொண்டன. உறிஞ்சு குழாய் மைத்துனனின் நாக்கடியில் கொழகொழவென்று சப்பிக்கொண்டிருந்தது. முள் வைத்த மெல்லிய ஊசியைப் பல்லின் வேருக்குள் விட்டுத் திருகி, மருத்துவர் மெதுவாக வெளியே இழுத்தார். வழக்கமாக நகத்தின் நீளத்துக்கு, செத்த புழுவைப் போல ஒரு நார் வரும். வந்தது.

ஆனால் அறுபடவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். விரல் நீளத்துக்கு வந்தது. பிறகு சாண் நீளத்துக்கு. கோழிக்காலிலிருந்து உரித்தெடுத்த நரம்பு போல வெளுத்து, சளி பூசி, வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைக்கு மேலாகவே அது துடிப்பது தெரிந்தது. அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அப்போதுதான் மைத்துனனின் முழங்காலைக் கவனித்தார். வந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருந்த கால் நின்றுவிட்டது. நெற்றி வேர்வை காய்ந்திருந்தது. அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த வயிற்றின் கடமுடா ஓய்ந்திருந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? உடம்பு அடங்கிடுச்சு" என்றார் தகப்பனார்.

"மாமா, இது பல்லு நரம்பு மாதிரி தெரியல. இவ்வளவு நீளம் வரவே கூடாது."

"வேற எங்கேருந்து வருது?"

மருத்துவருக்குப் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பயந்தால் நெஞ்சை அடிக்க வைப்பதும், வயிற்றைப் புரட்டுவதும் நரம்புதான். பயம் போன பிறகு மூச்சை ஆற்றி, மனிதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் நரம்புதான். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் உருவ முடியாது.

"அறுத்துடுறேன் மாமா. இதுக்கு மேல போனா அவன் அவனா இருக்க மாட்டான்."

"இடது கை இன்னும் நடுங்குது. இழுங்க."

"அப்பா, போதும்ப்பா" என்றாள் அக்காள்.

"நாளைக்கு மறுபடியும் வாந்தி எடுத்தான்னா ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பே? நம்ம வீட்ல எவனுக்கும் கை நடுங்கினது கிடையாது."

அந்த வீட்டில் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மருத்துவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இழுத்தார்.

இரும்புத் தட்டில் அது சுருள் சுருளாக விழுந்தது. சொத்தென்று. ஈரமாக. ஒவ்வொரு சுருளிலும் வேர்வை பூத்தது. வாந்தியின் புளித்த வாடை எழுந்தது. மைத்துனன் வாந்தி எடுக்கவில்லை. தட்டிலிருந்துதான் வந்தது அந்த வாடை.

தகப்பனார் கைத்தடியைத் தரையில் தட்டினார். "சீக்கிரம்."

மைத்துனன் இமைக்கவில்லை. தட்டில் கிடந்த குவியல் வெடுக்கென்று சுருங்கியது.

மருத்துவர் விளக்கை அவன் கண்ணுக்கு நேராகத் திருப்பினார். கண்பாவை சுருங்கவில்லை. இடது கை அடங்கியிருந்தது. நிறுத்தியிருக்கலாம். அவர் விரல்கள் நிறுத்தவில்லை.

கடைசி நுனி வந்தது. சாக்கடை அடைப்பு விட்டாற்போல ஒரு சத்தம்.

மைத்துனன் வாயை மூடினான். எழுந்தான். சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

"தம்பி... அக்காவப் பாருடா."

பார்த்தான். சுவரைப் பார்ப்பது போல.

"இப்பத்தான்டா நீ என் பிள்ளை" என்றார் தகப்பனார்.

அக்காள் அழுதாள். தட்டிலிருந்த குவியல் அவள் குரல் வந்த திசைக்கு ஊர்ந்தது. விளிம்பில் ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது. அவள் சேலை நுனியைத் தொட்டது. அவள் அருவருத்து உதறினாள்.

தட்டுக்குள் விழுந்த அது நடுங்கத் தொடங்கியது.

அன்று மருத்துவமனையில் ஆலைக்காரர் மகன் வீரிட்டு அலறினான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவன் குரலில் அலறல் கேட்டது உண்மை. அப்போது அவன் வாயை மூடிக்கொண்டு, தகப்பனாருக்குப் பக்கத்தில் நேராக நின்றிருந்தான்.