ஊது, மாப்ளே

ஒட்டுக்காரர் கொட்டகைக்குள் நுழைந்தபோது மதியம்தான். ஆனால் வானம் மூடிக் கிடந்ததால், வெளிச்சம் வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பழைய டிராக்டர். பெயின்ட் போய், ஒரு விளக்கில் மட்டும் கண்ணாடி மிச்சமிருந்தது. அதன் வயது யாருக்கும் தெரியாது. கேட்டால் கோபித்துக்கொண்டு நின்றுவிடுமோ என்று யாரும் கேட்டதுமில்லை.

ரேடியேட்டருக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

சொட்.

சொட்.

ஒட்டுக்காரர் என்பது அவருடைய தங்கை புருஷன் வைத்த பெயர். ஈயத்தை உருக்கி ரேடியேட்டர் ஓட்டைகளை அடைப்பது அவர் தொழில். "எங்க மச்சான் வைக்கிற ஒட்டுக்கு ரொம்ப மரியாதை தெரியும். அவர் வாசலைத் தாண்டுற வரைக்கும் ஒழுகாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான் மாப்பிள்ளை. ஒட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். உண்மையைச் சொல்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது?

அந்த மாப்பிள்ளைதான் இப்போது கல்குழிக்குள் கிடந்தான்.

கொட்டகைக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழி அது. பச்சைத் தண்ணீர், வழுக்கும் ஓரம். உழும்போது டிராக்டர் ஒழுகி ஒழுகிக் கொதிக்கும். மாப்பிள்ளை வாளியோடு குழிக்குப் போவான், மொண்டு வந்து ஊற்றுவான், மறுபடி ஓட்டுவான். புது ரேடியேட்டர் போடலாம் என்றால், "இவளுக்கு வேற ஒருத்தி நெஞ்சை வைக்கச் சொல்றீங்களா?" என்பான். அன்றைக்கு வாளியோடு போனவன் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் முங்கி முங்கிப் பார்த்தார்கள். சேறு அதிகம், ஒன்றும் தட்டுப்படவில்லை என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"வந்துட்டியா அண்ணா."

தங்கை கவிழ்த்துப்போட்ட கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் காய்ந்திருந்தன.

"சாப்பிட்டியா?"

"வாடகைப் பம்பு எல்லாம் வெள்ளம் புகுந்த பக்கம் போயிடுச்சாம். நம்ம பழைய பம்புக்கு இந்த டிராக்டர்லேர்ந்து பெல்ட் மாட்டித்தான் குழியை இறைக்கணும். நீ இதை ஒழுகாம பண்ணிக் குடு."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"எல்லாரும் அழு, அழுங்கிறாங்க. பார்க்காம எப்படி அழறது? அவரை வெளிய எடுத்துக் குடு. அப்புறம் அழுதுக்கறேன்."

"இந்தத் தடவை வாசலைத் தாண்டியும் தாங்கும்" என்றார் ஒட்டுக்காரர். சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் எழுந்து பின்பக்கம் போனாள், குழியைப் பார்க்க.

ரேடியேட்டரைக் கழற்றினார். இருந்த தண்ணீரை வடித்துக் கவிழ்த்தார். ஆனாலும் கனத்தது. உள்ளே படிந்த உப்பு என்று சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே சமாதானம் சொல்வதில் அவருக்கு நல்ல அனுபவம்.

கீழ்வாயில் கட்டையை அடித்து அடைத்தார். மேல்வாயில் ரப்பர் குழாயைச் சொருகி, ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முழுக்காட்டினார். குழாயில் ஊதினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். காற்றடிக்கும் மெஷின் பட்டறையில் இருந்தது. ஆனால் இந்த டிராக்டருக்கு மட்டும் எப்போதும் வாயால்தான். ஊதுவது மாப்பிள்ளையின் வேலை. ஒட்டுக்காரருக்கு மாடி ஏறினாலே இளைக்கும். இவர் "ஊது, மாப்ளே" என்றால் அவன் கன்னம் உப்ப ஊதுவான். இவர் "போதும்" என்று சொல்கிறவரை நிறுத்த மாட்டான். வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பார். அவன் முகம் பழுத்து, கண் பிதுங்கி, காலால் உதைப்பான். அவ்வளவு வருஷமும் அதே விளையாட்டு.

இப்போதும் தொட்டியின் மேல் குனிந்து, கண்ணைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சொன்னார்.

"ஊது, மாப்ளே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குழாயின் மறுமுனை தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒருவருமில்லை.

குமிழி வந்தது.

முதலில் ஒன்று. பிறகு சரம் சரமாக, ரேடியேட்டரின் நடுவிலிருந்து. மேலே வந்து உடைந்த ஒவ்வொன்றிலிருந்தும் கிராம்பு வாசனை எழுந்தது. மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கப் பயந்து எந்நேரமும் கிராம்பை அடக்கிக்கொண்டே திரிவான்.



"போதும்" என்றார்.

குமிழி நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு அண்ணா."

தங்கை பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"உள்ள தங்கின காத்தும்மா. பழைய பித்தளை, அப்படித்தான்..."

"கிராம்பு வாசனையும் பழைய பித்தளையா?"

அவர் ரேடியேட்டரைத் தூக்கித் துடைத்து, ஈயத்தையும் சூட்டுக்கோலையும் எடுத்தார். பயந்தவனுக்கு வேலையை விட்டால் வேறு ஒளிவிடம் ஏது? ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். அவர் கை இவ்வளவு நிதானமாக இருந்ததே இல்லை. ஈயம் வெள்ளியாக ஓடி, கோணல் இல்லாமல் உட்கார்ந்தது. கடைசியாக ஒரு ஊசிமுனை ஓட்டை மிச்சமிருந்தது. அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

விரல் நுனியில் மூச்சுப் பட்டது.

ஈரமாக. குளிர்ந்து. விட்டு விட்டு.

அடைத்துவிட்டார்.

மறுபடி தொட்டியில் இறக்கினார். தங்கை கூடவே குனிந்தாள். இந்த முறை அவள்தான் சொன்னாள், மிக மெதுவாக. "ஊதுங்க."

ரப்பர் குழாய் பாம்பு இரை விழுங்கியதுபோல் உப்பியது. எங்கேயோ, பக்கத்தில், கன்னம் உப்ப ஒருவன் முக்குகிற சத்தம். தண்ணீரில் ஒரு குமிழி இல்லை. ஒட்டு அவ்வளவு கச்சிதம்.

குழாய் இன்னும் உப்பியது. தொட்டியின் பக்கவாட்டில் உள்ளிருந்து ஓர் உதை.

ஒட்டுக்காரர் பதறிக் குழாயைப் பிடுங்கி எடுத்துத் தோள்பைக்குள் திணித்தார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரேடியேட்டரை மாட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, பெல்ட்டைப் பம்பில் போட்டார். டிராக்டர் ஒரே உதறலில் கிளம்பியது. கொதிக்கவில்லை. ஒழுகவில்லை. குழி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாசி படிந்த சுவர்கள் வெளியே வந்தன. பொழுது சாயுமுன் அடிச்சேறு தெரிந்தது.

வாளி கிடந்தது. ஒற்றைச் செருப்பு குத்திட்டு நின்றது. ஒட்டுக்காரர் இடுப்புவரை இறங்கிக் கையால் துழாவினார். கல், சேறு, மறுபடி கல்.

அவன் இல்லை.

மேலே ஏறி வந்து எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் இருவருக்கும் கேட்டது.

டக். டக். டக்.

ரேடியேட்டருக்குள்ளிருந்து. யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல்.

"சூடு இறங்கினா பித்தளை அப்படித்தான்..." என்று ஆரம்பித்தார்.

தங்கை ரேடியேட்டரின் மேல் காதை வைத்தாள். அந்தச் சூட்டில் கன்னம் வெந்திருக்க வேண்டும். அவள் முகம் சுளிக்கவில்லை.

"குழித் தண்ணியை மொண்டு மொண்டு இதுல ஊத்தினாரு" என்றாள். "ஒழுகுற வரைக்கும் வெளிய வந்துட்டு இருந்திருக்காரு அண்ணா. சொட்டுச் சொட்டா."

ஒட்டுக்காரர் மூடியைத் திருகினார். அசையவில்லை. சம்மட்டியால் தட்டிப் பார்த்தார். கேஸ் விளக்கைக் கொளுத்தி ஈயத்தின் மேல் காட்டினார். மெழுகுபோல் உருக வேண்டிய ஈயம் வெள்ளையாகப் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. ஆயுசு முழுக்க அவர் வைத்த ஒட்டுகளில் ஒன்றாவது நிலைக்காதா என்று ஏங்கியவர் அவர்.

நிலைத்தது.

ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸை அறுக்கக் கத்தியை எடுத்தார். தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். எதை அறுத்தா அவருக்கு எங்க படும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. கத்தி அவர் கையிலேயே இருந்தது.

"ஒரு ஓட்டை விட்டிருக்கலாமே அண்ணா" என்றாள். திட்டவில்லை. சாதம் குழைந்துவிட்டதே என்பதுபோல் சொன்னாள். அப்போதும் அவள் அழவில்லை. அழுவதற்கு அவள் கேட்டதை அவர் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லையே.

டக். டக்.

"நீ 'போதும்'னு சொல்லலை" என்றாள் திடீரென்று. "ரெண்டாவது தடவை. நீ சொல்லவே இல்லை."

ஒட்டுக்காரர் ரேடியேட்டரின் முன் மண்டியிட்டார். "போதும், மாப்ளே" என்றார். "போதும்டா. விளையாட்டுக்குக்கூட இனிமே... போதும்." கத்திப் பார்த்தார். பித்தளையில் வாயை வைத்துக் கெஞ்சினார்.

ஓட்டை இருந்தால்தானே உள்ளே கேட்கும்?

அன்று தங்கையை வீட்டுக்குக் கூப்பிட்டார், வரவில்லை. கூடையை டிராக்டரின் முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரேடியேட்டருக்குக் கீழே தரை உலர்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது.

அவர் வாசலை நோக்கி நடந்தார். வாசலைத் தாண்டினால் ஒழுகிவிடும். எத்தனையோ பேர் சிரித்த அந்தக் கேலி இன்றைக்கு மட்டும் பலிக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டே தாண்டினார். நின்று, சொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கேட்கவில்லை.

தோள்பைக்குள் ஏதோ விறைத்து இடுப்பில் இடித்தது. கையை விட்டார். ரப்பர் குழாய். இரண்டு முனையும் திறந்துதான் இருந்தன. ஆனாலும் அது உப்பி, இறுகி, நடுங்கிக்கொண்டிருந்தது.

கிராம்பு வாசனை வந்தது.