ஊதாத உதட்டு வலி

அன்று காலை வியாகப்பன் டிரம்பெட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் மேலுதடு செத்துக் கிடந்தது. காபியை உறிஞ்சினால் கடைவாயில் வழிந்து சட்டைக்குப் போனது. விசிலடித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

நேற்றும் இப்படித்தான். செபஸ்தியார் திருவிழாவின் முதல் நாள். திண்டுக்கல் பக்கத்து அந்த ஊரில் சப்பரம் தூக்க ஒரு முறை உண்டு. முதல் டிரம்பெட்காரர் உச்சியில் ஒற்றை சுரத்தைப் பிடிப்பார். அது நிற்பதற்குள் ஆட்கள் சப்பரத்தைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தெருமுனையிலும் இறக்கி இறக்கி இப்படியே ஏற்றுவார்கள். நேற்று முதல் தூக்கிலேயே சுரம் அறுந்தது. சப்பரம் இடுப்பு உயரத்தில் ஆடிவிட்டுத் தொப்பென்று இறங்கியது. யாரும் திட்டவில்லை. "பெரியவருக்கு முடியல போல" என்று ஒரு பெண் பரிதாபப்பட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இன்று சாயங்காலம் பெரிய சப்பரம். இன்றும் அறுந்தால் முதல் டிரம்பெட்டுக்கு வேறு ஆள் என்று திருவிழாக் கமிட்டி சொல்லிவிட்டது. ஊதுவதைத் தவிர வியாகப்பனுக்கு வேறெதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை.

'இனி உலகத்தில் அலுப்பே இல்லை' என்று சுவர் முழுக்க விளம்பரம் எழுதி வைத்திருந்தார்கள். பொய். அலுப்பு எங்கேயும் போகவில்லை. ஆள் மாறியது, அவ்வளவுதான். கடுகளவு அயர்வுக் கடத்தி ஒன்றைத் தசைக்குள் பதித்துவிட்டால், வேலை செய்கிற தசையின் களைப்பு, சும்மா இருக்கிற இன்னொருவரின் தசையில் போய் இறங்கும். கடல் குறுக்கே இருந்தாலும் இறங்கும். ஆனால் இரண்டும் ஒரே வேலைக்குப் பழகிய தசையாக இருக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவரின் கண் எரிச்சல், வீட்டில் படுத்திருக்கிற இன்னொரு டிரைவரின் கண்ணுக்குப் போகும். வாத்தியாரின் தொண்டைக் கட்டு இன்னொரு வாத்தியாருக்கு. இப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஜோடி என்று பெயர். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதை விட ஜோடி பார்ப்பதுதான் ஊரில் பெரிய பாடாகிப்போனது.

வியாகப்பன் ஒரு கடையில் மீன் வாங்கினால் அடுத்த கடைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்படிப்பட்டவர் கேள்வி கேட்காமல் ஜோடி சேர்ந்தது இன்னாசியோடு மட்டும். இன்னாசி, செத்துப்போன பெண்சாதியின் அண்ணன். பேண்டு செட்டின் முதலாளி. இரண்டாவது டிரம்பெட். ஒரு தெரு இவர் ஊதுவார், அடுத்த தெரு அவர் ஊதுவார். ஊதுகிறவரின் அலுப்பு சும்மா நடக்கிறவருக்குப் போகும். தெரு மாறினால் அலுப்பும் திரும்பும். கிழட்டு உதடுகள் இரண்டும் அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தத் திருவிழாக் காலம் தொடங்கியதிலிருந்துதான் கோளாறு. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். எடுத்தார். காலைப் பயிற்சியை விட்டார். டிரம்பெட்டை வாயில் அழுத்துவதைக் குறைத்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். எவ்வளவு ஓய்வு எடுத்தாரோ அவ்வளவு மோசமானது உதடு. வயதாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மத்தியானம் டீக்கடையில் கூட்டம். இன்னாசியின் மகன் பிரிட்டோ சிங்கப்பூரில் நாள் முழுக்க நடக்கும் ஒரு விழாவில் ஊதுவதை நேரடியாகக் காட்டினார்கள். "நம்ம ஊரு பய, நிறுத்தாம ஊதுறான் பாருங்க பெரியவரே" என்று இடம் விட்டார்கள்.

வியாகப்பன் உட்கார்ந்தார். உதட்டில் சுரீர் என்றது. ஒரு மூச்சு கழித்துத் திரையில் பிரிட்டோ உச்சிக்கு ஏறினான். மறுபடி சுரீர். மறுபடி பிரிட்டோ ஏறினான். வலி முன்னால் வந்தது, ஒளிபரப்பில் பிந்தி வருகிற சத்தம் பின்னால் வந்தது. பாட்டுக்காரி பாடப் பிரிட்டோ டிரம்பெட்டை இறக்கியபோது வலி ஏறுவது நின்றது. அவன் எங்கே மூச்சு வாங்குகிறான், எந்த சுரத்தில் உதட்டைக் கடிக்கிறான் எல்லாம் இவர் வாயில் தெரிந்தது. டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

இன்னாசி பேண்டு கடையில் சிவப்புக் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒம் மகன் ஊதுறான். என் வாய் வலிக்குது. என்ன சமாச்சாரம்?"

இன்னாசி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெயில்ல வந்திருக்க. மொதல்ல உக்காரு மாப்ள."

"உக்கார வரல. கேட்டதுக்குச் சொல்லு."

"போன மாசம் ஒன் கடத்தியச் சரிபாக்குறேன்னு உதட்டுல மிஷின வச்சேன்ல... அப்பதான் அவனோடதச் சேத்தேன். என் உதட்டத்தான் மொதல்ல குடுத்தேன். எம்புட்டுதான் தாங்கும்? பாரு." கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினார். வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுப்பியா நீ? ஒரு பீடி கேட்டாலே எதுக்குன்னு கேக்குற ஆளு."

"அதுனால திருடுவியோ?"

"திருட்டுங்காத மாப்ள! நம்ம பய. ஒனக்கும் மருமகன்தானே? அவன் மேல வரணும். நமக்கு இனிமே என்னத்த... எப்படியும் போகப்போற உதடு."

"நேத்து சப்பரம் எறங்குச்சே. நீயும் பக்கத்துலதான நின்ன? ஊரே என்னப் பாத்துச்சே, அப்பயாவது சொன்னியா?"

இன்னாசி ஈரத்துணியை எடுத்துக் கோட்டின் மேல் விரித்தார். பிறகு, "விழா முடிஞ்சதும் எடுத்துவிட்டுறேன். அதுவரைக்கும் நல்லா ரெஸ்ட் எடு" என்றார்.

ரெஸ்ட் என்ற வார்த்தையில்தான் வியாகப்பனுக்கு விஷயம் பிடிபட்டது. அலுப்பு சும்மா இருக்கிற உதட்டைத் தேடித்தான் வருகிறது. ஒரு மாதமாக ஓய்வு ஓய்வு என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவர்தான். ஊதுகிறவன் வாய்க்கு எதுவும் வராது.

டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கரைக்குப் போனார். முதலில் சத்தம் வரவில்லை. துப்பிவிட்டு மறுபடி ஊதினார். கொஞ்சம் கரகரத்தது. நிறுத்தவில்லை. எந்த டாக்டரும் செய்யக் கூடாது என்று சொல்வதையெல்லாம் செய்தார். உச்சி சுரம், அதற்கு மேல் சுரம், அழுத்தி, விடாமல். ஊத ஊத உதட்டிலிருந்து ஈயம் வடிகிற மாதிரி கனம் இறங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த உதடு திரும்பி வந்த மாதிரி இருந்தது. கரையில் மேய்ந்த மாடுகள் எழுந்து போய்விட்டன.

வெயில் சாயும்போது இன்னாசி ஓடி வந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார்.

"நிறுத்து மாப்ள! என்னால தண்ணி குடிக்க முடியல!"

வியாகப்பன் அவரைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு படி மேலே ஏறினார். இன்னாசி அப்படியே கரையில் குந்திவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கோயில் வாசலில் பெரிய சப்பரம் காத்திருந்தது. கமிட்டிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வியாகப்பன் சுரத்தைப் பிடித்தார். சப்பரம் எழுந்தது, இடுப்பைத் தாண்டியது, தோளில் உட்கார்ந்தது. சுரம் இன்னும் நின்றது. ஆட்கள் நடக்கத் தொடங்கிய பிறகும் நின்றது. "பெரியவர் இன்னைக்குப் பேயா ஊதுறாருய்யா" என்றார்கள்.

முதல் தெருமுனையில் சப்பரத்தை இறக்கினார்கள். டிரம் மட்டும் அடித்தது. வியாகப்பன் டிரம்பெட்டை இறக்கிய உடனே உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. எங்கேயோ பிரிட்டோ இன்னும் ஊதிக்கொண்டிருந்தான். அப்போது போன் அடித்தது. வேடசந்தூர்ப் பக்கத்துப் பேண்டில் ஊதும் சின்னப்பன். இவர் வயதுதான். பழைய சிநேகிதம்.

"வியாகப்பா, எங்க ஊர்ல நாளைக்குச் சப்பரம். உதட்டக் காப்பாத்தணும்னு காலையிலருந்து டிரம்பெட்டத் தொடவே இல்லப்பா. மத்தியானத்துலருந்து என்னமோ வாய் செத்துப்போச்சு. ரத்தம் கசியுது. பட்டிவீரன்பட்டி பேண்டுல ஊதுற ஆளுக்கும் இதே கததானாம். எங்க ரெண்டு பேரு கடத்தியயும் ஒன் மச்சான் இன்னாசிதான் போன மாசம் மிஷின் வச்சுச் சரிபாத்துக் குடுத்தான். அவங்கிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

அப்படியானால் இவர்கள் கடத்திகளையும் இன்னாசி இதிலேயே சேர்த்திருக்கிறார். மத்தியானம் குளத்துக்கரையில் தன் வாயிலிருந்து வடிந்ததெல்லாம் இன்னாசிக்கு மட்டும் போகவில்லை. குறுகுறுப்பு வலியாக மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சும்மா நின்றால் உதடு மறுபடி செத்துவிடும்.

"சொல்றியாப்பா?" என்றார் சின்னப்பன்.

"பெரியவரே, தூக்கலாமா?" என்று சப்பரத்துக்காரர்கள் குனிந்து நின்றார்கள்.

வியாகப்பன் போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டார். டிரம்பெட்டை வாயில் வைத்துச் சுரத்தைப் பிடித்தார். துளி பிசிறில்லாமல் மேலே போனது. சப்பரம் எழுந்தது. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த பையிலிருந்து, "ஐயோ... அம்மா!" என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது.

அவர் நிறுத்தவில்லை.