அமைதிப் பதிவு

நேற்றுத்தான் தச்சர்கள் அடித்து நிறுத்திய அலமாரி; உள்ளே புதுப் பலகையும் பெயிண்டும் மணக்க வேண்டும். மெரினின் மூக்கில் ஏறியதோ நனைந்த நாயும் மலிவான சுருட்டும் கலந்த வாடை.

பிரிஸ்பேனுக்கு வெளியே பழைய கம்பளிக் கிடங்கொன்றில் படப்பிடிப்பு. தகரக் கூரை வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது. படத்தில் அவள் அபார சக்தி கொண்ட பெண். காப்பகத்து அலமாரியில் பூட்டப்பட்டு, தன் பயத்தாலேயே கதவைப் பிய்த்தெறிவாள். பதினாறு வயது மெரினுக்கு அலமாரி புதிதில்லை. சிறுவயதில், அம்மாவோடு வாழ்ந்த ராய் அவளை அப்படித்தான் அடைப்பான். சில நாள் அவனும் உள்ளே வந்து, பேசாமல், இருட்டில் சுருட்டு நாற மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். அவள் கத்தக் கத்த அம்மா ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாள். ராய் செத்துப்போய்ச் சில வருஷமாகிறது. சனியன் தொலைந்தது என்றுதான் மெரினும் நினைத்திருந்தாள்.

“கதவத் திறங்கன்னு கத்துறது வசனத்துலயே இருக்கு, அதக் கேட்டு நெசம்னு நம்ப மாட்டோம்,” என்றாள் இயக்குநர் கார்லா. “நெசமாவே முடியலன்னா ‘மாம்பழம்’னு கத்து கண்ணு. ஓடி வந்துருவோம்.”

“மாம்பழம்னா மொத ஆளா நான்தான் வருவேன், பசி உயிர் போவுது,” என்றார் ஒலிப்பதிவாளர் டெஸ்.

மெரின் சிரித்தாள். கதவை மூடினார்கள். வசனப்படி கதறினாள், பலகையை அறைந்தாள்.

“கட்! அசத்திட்ட! அப்படியே உள்ளயே நில்லு, டெஸ் அமைதி எடுக்கட்டும்.”

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் அமைதியைத் தனியாகப் பதிவு செய்வார்கள், படத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப. அதுவரை ஒருவரும் இருமக் கூடாது, கால் மாற்றக் கூடாது. குழந்தையிலிருந்தே நடிக்கிற மெரினுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

வெளியே காகம்கூட ஓய்ந்தது. கூரையின் பொரிச்சல், சட்டைக்குள் மைக் உரசுவது, தன் மூக்கில் காற்று மெல்லப் போய் வருவது, எல்லாம் அவளுக்குக் கேட்டது. பிறகு இன்னொரு மூச்சு. தலைக்கு மேலே, பின்னாலிருந்து.

அவள் முதுகு பலகையில் ஒட்டியிருந்தது. பின்னால் இடமே இல்லை.

பலகை வெதுவெதுப்பானது. பலகையில் சட்டைப் பொத்தான்கள்.

பாவிப் பெண், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பதிவு கெட்டுவிடுமாம்!

“கார்லா…” வெளியே டெஸ்ஸின் குரல். “உள்ள ரெண்டு பேரு மூச்சு விடுறாங்க.”

“மாம்பழம்!” மெரின் அலறினாள். “மாம்பழம்! மாம்பழம்!”

தடதடவென்று காலடிகள். வருகிறார்கள். இந்த முறை வருகிறார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. வெளிச்சம். கார்லா. டெஸ்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள் தலைக்கு மேலே நின்றது.

“டெஸ், கையக் குடுங்க,” என்றாள் மெரின்.

அவர் கை நீண்டது. அவளை நோக்கி இல்லை, கதவுப் பிடியை நோக்கி.

“மன்னிச்சிரும்மா,” என்றார்.

வெளிச்சம் ஒடுங்கியது. சாணளவு. விரலளவு. நூல். தாழ்ப்பாள் விழுந்தது. பெட்டிகள், மேசைகள், கையில் கிடைத்த எல்லாவற்றையும் இழுத்து வந்து கதவில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, அவள் தோளில் ஒரு கை மெதுவாக அமர்ந்தது.