பெட்டிக்குத் திரும்பிய பத்து அட்டைகள்

“செத்துப்போன பாஷையைப் படிச்சு யார்கிட்ட பேசப்போற?”

“உங்ககிட்ட இல்ல.”

ஒன்பது வருடத்துக்கு முன், விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவே, கடிகாரம் பழுதுபார்க்கும் கணவருக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள். மனைவி லத்தீன் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு கடிகாரக்காரர் முன்னால் அதை அவள் திறந்ததே இல்லை.

இப்போது அவள் மாலை வகுப்பில் லத்தீன் ஆசிரியை. இன்று தன் அட்டைப் பெட்டியோடு கணவரின் அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர் அக்கா. குடும்பத்தில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள்.

வாரத்துக்குப் பத்து அட்டை காணாமல் போகிறதாம்; மறுவாரம் தானாகத் திரும்புகிறதாம். ஒரு பக்கம் லத்தீன் சொல், மறுபக்கம் பொருள். வகுப்பு முடிந்ததும் அவற்றை எடுத்து வைப்பது அங்கே படிக்கும் மருந்துக்கடைக்காரிதான். இன்று மாலை எல்லோர் எதிரிலும் அவளைக் கேட்டு, வகுப்பை விட்டு நிறுத்துவதாக இருந்தாள் ஆசிரியை.

“அவசரப்படாத,” என்றார் கடிகாரக்காரர். அக்காவின் துப்பறிதலுக்கெல்லாம் வலிய வந்து எடுபிடியாக நிற்பவர் அவர். இன்றும் கேட்காமலே தம் பூதக்கண்ணாடியை நீட்டினார். 

“எந்தப் பாடத்து அட்டைம்மா?” என்றார் அக்கா.

“முதல்ல ஒண்ணாம் பாடம், அப்புறம் ரெண்டு. இப்போ மூணு காணோம் அண்ணி.”

“வகுப்பு இருபதாம் பாடத்துல இருக்கு. ‘தண்ணி’யும் ‘மேசை’யும் மருந்துக்கடைக்காரிக்கு எதுக்கு? எடுத்தவங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறாங்க.” திரும்பி வந்த அட்டைகளை அக்கா மேசையில் பரப்பினார். “நீ அகர வரிசையில வைப்ப. இது ரெக்ஸ், ஆக்வா, மென்சா, கடைசியில அக்ரிகோலா. லத்தீன் எழுத்தை எண்ணிப் பாரு, சின்னச் சொல் முன்னால, நீளமானது பின்னால. பழகின கை, எதை எடுத்தாலும் பழகினபடிதான் அடுக்கும்.”

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியைத்தான் பார்த்தார். கடிகாரத்தைப் பிரித்தால் திருகுகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை தட்டில் வரிசை வைப்பவரின் கண்ணாடி அது.

மனைவி மெல்லத் திரும்பினாள். “பெட்டி ராத்திரியெல்லாம் நம்ம வீட்டுலதான் இருக்கு. ஆனா உங்கள நான் நினைக்கவே இல்ல.”

திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தலை தானாகக் குனிந்தது. மழை பெய்த ஒரு மாலையில் குடையோடு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றதும், உள்ளே அவள் பாடத்தின் நடுவே வாய்விட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அன்று இரவுதான் முதல் பத்து அட்டைகளை எடுத்தார்.

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? அந்தப் பொண்ணு மேல பழி விழும்னு தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல பாரு.”

அக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கடிகாரக்காரர் சட்டைப்பையிலிருந்து மூன்றாம் பாடத்து அட்டைகள் பத்தையும் எடுத்து அவள் முன் வைத்தார். அவை இன்னும் அகர வரிசையிலேயே இருந்தன. அவர் படிக்கத் தொடங்கவில்லை.

“எனக்கும் சொல்லித் தருவியா?” என்றார்.