கேட்காமல் எடுத்த படம்

"ஏங்க, அதை எங்க கொண்டு போறீங்க?"

கண்காட்சிக் கூடத்தின் வாசலை மறித்து நின்றாள் அவள். பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகம் அது. படங்களுக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. எதிரே, மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன்... தோளில் கேமரா, கக்கத்தில் சுவரிலிருந்து கழற்றிய படம்.

"எங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சலவைத் தொட்டியருகே கன்னத்தில் கைவைத்த இளம்பெண்ணின் படம். கீழே அவள் எழுதிய வரி: 'துயரத்தின் முகம். சலவைத் தொழிலாளி, பெயர் தெரியவில்லை.'

"படம் எடுத்தவர் பேரு மட்டும் போட்டிருக்கு. எங்கம்மா பேரைத் தேடினீங்களா?"

தேடவில்லை. சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "படம் காப்பகத்தோடது. வச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனான். கோபத்திலும் அந்தக் கண்கள்... சே, என்ன நினைப்பு இது? திட்டிவிட்டுப் போனவனுக்காக மனசு ஏன் வாசலையே பார்க்கிறது?

மறுநாள் சலவைக்காரத் தெருவை விசாரித்துப் போனாள். அங்கே அவன் தெருப்பெண்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கொண்டுவந்திருந்த படத்தின் நகலை அவன் அம்மாதான் வாங்கிப் பார்த்தாள். குறிப்பை மகன் படித்துச் சொன்னதும் சிரிசிரியென்று சிரித்தாள்.

"துயரமா? அன்னிக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லு வலிம்மா. அந்த ஆளு பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அப்போ கழட்டச் சொல்லும்மா," என்றான் அவன்.

"எதுக்குடா? அந்த வயசுல எனக்கு வேற படமே இல்ல. எவ்வளவு லட்சணமா இருக்கேன்... அங்கேயே இருக்கட்டும். ஏம்மா, என் பேரைப் போட்டு, பல்வலின்னும் எழுதிடு."

இருவருக்கும் தலை கிறுகிறுத்தது. நியாயம் யார் பக்கம்? இருவருமே அம்மாவைக் கேட்கவில்லையே...

தூறலில் குடை பிடித்து நடந்தவளைத் தெருமுனை வரை கொண்டுவிட வந்தவன், தயங்கித் தயங்கிக் கேமராவை நீட்டினான். திரையில் அவள்! அவன் அம்மாவின் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு, கண்ணாடியில் ஒட்டிய மழைத்துளியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஜன்னலுக்கு வெளியில நின்னு... கேக்காமதான் எடுத்தேன். அவ்வளவு பேசிட்டு நானும் அதையே செஞ்சிருக்கேன். அழிச்சிடலாம்னு பாத்தேன், முடியல. உங்களைப் பிடிச்சிருக்கு... என்ன பண்றதுன்னு தெரியல."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்போ கேட்டா?"

தூறலிலேயே குடையை மடக்கினாள். கலைந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை.

"எனக்கும் பிடிச்சிருக்கு... உங்களை. அந்தப் படத்துல என் மூக்கு கோணலா இருக்கு. நேரா நின்னு எடுங்க."