கயிறு தளரவில்லை

நேற்று மாலை நெரிஸ் தன் கையால் அடித்து இறுக்கிய ஆப்பு, காலையில் கல்லுக்குப் பத்தடி பின்னால் கிடந்தது. இரண்டு டன் எடையுள்ள நீலநிறப் பாறைத் தூண், அதை ஏற்றியிருந்த மரச்சறுக்கு வண்டியோடு மேட்டில் ஏறியிருந்தது. சரிந்து இறங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"பனியுகத்துப் பனிப்பாறைதான் கல்லையெல்லாம் தள்ளிட்டுப் போச்சுன்னு சொல்ற கும்பலோட குசும்பா இருக்கும்," என்றான் தம்பி எம்லின். "நமக்குப் பத்தடி லாபம்க்கா!"

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. நூறு மைலுக்கு அப்பால் கற்காலத்தில் வட்டமாக நட்ட தூண்கற்களை அந்தக் காலத்து மனிதர்களே இங்கிருந்து இழுத்துப் போயிருக்க முடியும் என்று காட்டுவதற்காக, ஐந்து நாளாக பிரெசெலி மலைச்சரிவில் நாற்பது பேர் பாழாய்ப்போன இந்தக் கல்லோடு மாரடிக்கிறார்கள். அவள் விசில் ஊதினால் அத்தனை பேரும் கயிற்றை விட்டுவிட வேண்டும். அதற்குமுன் சறுக்கின் பின்னால் அவள் ஆப்புச் செருகிவிடுவாள். கல் நழுவினால் ஆளையும் இழுத்துவிடும்; அதனால் யாரும் கயிற்றை உடம்பில் கட்டக்கூடாது.

வரிசையில் முதல் ஆளான எம்லின், கயிற்று நுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான்.

"அவுருடா, மடையா."

"கையில தோலே இல்லக்கா. இன்னைக்கு மட்டும்."

மல்லுக்கட்ட அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி, நனைந்த கம்பளியின் வாடையும் சறுக்கு வழுக்கி ஓட அடியில் போட்ட கட்டைகளில் பூசிய பன்றிக்கொழுப்பின் நாற்றமும் கலந்து தொண்டையை அடைக்க, முன்னால் இழுப்பவர்களின் மூச்சு மட்டுமே அவளுக்குக் கேட்டது. விசில் ஊதினாள். ஆட்கள் ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வெளிப்பட்டு, பொத்தென்று புல்லில் உட்கார்ந்து தேநீர்க் குடுவையைத் திறந்தார்கள்.

முப்பத்தொன்பது பேர்.

சறுக்கு முனகியது. நகர்ந்தது. செருகிய ஆப்பு நொறுங்கியது.

"எம்லின்! இழுக்காதடா!"

"நான் இழுக்கலக்கா." பனிக்குள்ளிருந்து அழுகுரல். "எனக்கு முன்னாடியும் கயிறு இருக்கு..."

ஐயோ, காலையிலேயே அவிழ்த்திருக்கலாமே! ஓடினாள். மற்றவர்களும் ஓடிவந்தார்கள். கல் அவர்களைவிட வேகமாகப் போனது.

மேட்டின் உச்சியில் சறுக்கு காலியாக நின்றது. அதற்கு முன்னால் கல் நிமிர்ந்து நின்றது. பாதி மண்ணுக்குள். சுற்றிலும் ஒரு புல்கூடக் கலையவில்லை.

சறுக்கிலிருந்து போன கயிறு கல்லின் அடியில் நுழைந்திருந்தது. விறைப்பாக. வெட்டி வெட்டி இழுபட்டபடி.

நெரிஸ் விசிலை ஊதினாள். மூச்சு முட்ட, திரும்பத் திரும்ப ஊதினாள்.

கயிறு தளரவில்லை.